கிழிந்த மூன்று ஷீட்டும் திங்கட்கிழமைக் கையெழுத்தும்

போனை வைத்துவிட்டாய் அல்லவா, சரி. காகிதத்தை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். அம்மா பேசுவது கிளி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பு வேறு. நாலு வரிக்கு மேல் டைப் பண்ணினால் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்புகிறாய். முப்பது வயசு ஆகப்போகிறது, பெற்றவளுக்குப் பதில் ஒரு கட்டைவிரல். அதனால்தான் இதைக் கையால் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, இட்லிப் பொடி டப்பாவுக்குள் பொடிக்கு மேலே வைத்து கூரியரில் அனுப்புகிறேன். பொடி வேண்டுமென்றால் இதை எடுத்தாக வேண்டும். எடுத்தால் படி. நிதானமாகப் படி. கோபம் வந்தாலும் நானும் நிதானமாகத்தான் எழுதப்போகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். சென்னையில் உங்கள் லேபில் நீங்கள் செய்கிற அந்த ஷீட் ரப்பர் மாதிரி இழுபடும், துணி மாதிரி மடியும். வயிற்றுச் சதை விட்டுப்போன இடத்தில் வைத்துத் தைத்தால் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். அதற்குள் அங்கே சொந்தச் சதை வளர்ந்துவிடும். அதில் பன்னிரண்டு ஷீட்டை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஆறு வாரம் ஊறப்போட்டு, தையல் போட்டு இழுத்துப் பார்த்தீர்கள். ஒன்பது தாங்கியது. மூன்று, தையல் போட்ட ஓட்டையிலேயே கிழிந்தது. அந்த மூன்றையும் வெட்டும்போதே யாரோ கத்தியைச் சரியாகப் பிடிக்கவில்லை, அவற்றை விட்டுவிட்டு ஒன்பதை மட்டும் எழுது என்கிறார் உன் பெரிய சார். திங்கட்கிழமை அந்த அறிக்கையில் நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கேட்டு ஃபைல் போகும். "இன்னாம்மா பண்றது?" என்று கேட்டாய். "பன்னெண்டையும் எழுதுடா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, சும்மா பேஜாரு பண்ணிக்கினு" என்றாய். அப்புறம் இன்னொரு வார்த்தை சொன்னாய். அந்த வார்த்தைக்குக் கடைசியில் வருகிறேன். வைத்துவிட்டாய்.

எனக்குப் புரியாதாம்! முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நர்ஸ் நான். திண்டிவனத்தில் எட்டு வருஷம், மிச்சமெல்லாம் விழுப்புரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் வருகிற வரைக்கும் விரலால் தொட்டே எது பிரிக்கிற நூல், எது கரைகிற நூல் என்று சொல்லிவிடுவேன். உனக்கு அந்த வித்தியாசத்தை முதன்முதலில் சொல்லிக்கொடுத்ததே யார்? இரண்டாம் வகுப்பில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து தாடையைப் பிளந்துகொண்டு வந்தாயே, அன்றைக்கு மேலே நாலு தையல், உள்ளே இரண்டு. மேல் தையலைப் பிரித்த அன்று, "உள்ள இருக்கற நூலு?" என்றாய். "அது கரைஞ்சி போய்டும்." "கரைஞ்சி எங்க போவும்?" "உடம்பு தின்னுடும், போய் சோறு துன்னு" என்றேன். அன்றைக்கே உட்காரவைத்து ஒழுங்காக விளக்கித் தொலைத்திருந்தால் உன் ஆர்வம் அதோடு அடங்கியிருக்கும். நீ பேசாமல் பேங்க் பரீட்சை எழுதியிருப்பாய். அரைகுறையாகப் பதில் சொன்னது என் தப்பு. அதன் பலனை இருபது வருஷமாக அனுபவிக்கிறேன்.

கேள்வி, கேள்வி, ஓயாத கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்க உனக்கு நேரம் இருக்காது, "நர்ஸுங்க தையல் நூல் பாக்கெட்ட எந்தப் பக்கமா பிரிப்பீங்க?" என்று கேட்கக் காலை ஆறரைக்குப் போன் வரும். போன தீபாவளிக்கு வந்தவன், என் வயிற்றைச் சுற்றி இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு, "இருமும்மா, இன்னும் பலமா இருமு" என்று இருபது தடவை இருமவைத்தாய். எவ்வளவு விரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். மோட்டார் காயில் கட்டுகிற கடையை மூடிவிட்டு வந்த உன் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாத்துக்கு ஆயியும் புள்ளையும் இருமிக்கினு இருக்கீங்க? எதனா காத்து கறுப்பா?" அவருக்கு நீ உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாய். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறார்கள், சுவர் நின்றதும் பிரித்துவிடுகிறார்கள். இது தானே பிரிந்துகொள்கிற சாரம், அவ்வளவுதான் என்றாய். அவர் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு, "செவுரு நிக்கறதுக்கு முன்னாடி சாரம் உழுந்துட்டா?" என்று கேட்டார். நீ அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். இப்போது அந்தக் கேள்விதான் உன் மேஜைமேல் மூன்று துண்டாகக் கிழிந்து கிடக்கிறது.

நான் உன் வேலையைக் கெடுத்த கதையை நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாய் என்று தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன். உருப்படியாக வந்த முதல் ஷீட்டை வெள்ளிக் காகிதப் பையில் வைத்துக் கொண்டுவந்தாய். "தொட்டுப் பாரும்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாய். ஒருத்தர் வயிற்றுக்குள் போகப்போகிற பொருளை வெறுங்கையால் தொட்டுவிட்டு அப்படியே வைக்க என்னால் முடியுமா? என் கை என்னைக் கேட்காமலே வேலை செய்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, இட்லிக் குண்டானில் மேல் தட்டில் வைத்து, இருபது நிமிஷம் ஆவியில் விட்டேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து மூடியைத் திறந்தால், துணியோடு துணியாக உருகி, இட்லிக் குழிக்குள் மெழுகு மாதிரி பிடித்துக்கொண்டு கிடந்தது. "அய்யோ! ஆறு மாச வேலைம்மா! அறுபது டிகிரிக்கு மேல தாங்காதும்மா!" என்று கத்தினாய். அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டாய். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அன்றைக்கே கேட்டேன்: "இத்த எப்பிடிடா சுத்தம் பண்ணுவீங்க?" "கேஸ்ல பண்ணி, சீல் பண்ண பாக்கெட்ல வரும்." "அந்தப் பாக்கெட்டு வர்ற லாரி சித்திரை மாசம் டோல்கேட்ல மூணு மணி நேரம் நிக்கும். தகர டப்பா மாதிரி கொதிக்கும். அப்புறம்?" நீ முறைத்தாய். மறுநாள் பஸ் ஏறுமுன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாய். இப்போது உங்கள் பாக்கெட்டின் மேல் சூடு பட்டால் நிறம் மாறுகிற ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது. அது யார் சொல்லி வந்தது என்று உன் பெரிய சாரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

ஊறப்போட்டு இழுத்துப் பார்க்கிற இந்தச் சோதனையும் என் வாயிலிருந்து வந்ததுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போய், ஆட்டு வயிற்றுப் பக்கத்துச் சதையைச் சவ்வோடு வேண்டும் என்று கேட்டேன். "கொழம்புக்கா சிஸ்டர்? எலும்பு சேத்துப் போடறேன்" என்றார் கடைக்கார பாய். "இல்ல பாய், தைக்கறதுக்கு" என்றேன். அவர் கத்தியை அப்படியே வைத்துவிட்டு என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாரே, அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சமையல்கட்டு மேடையில் அந்தச் சதையைப் பரப்பி, உன் புது ஷீட்டை அதன்மேல் வைத்து, நான் பத்திரமாக வைத்திருக்கிற, தையல் ஊசியைப் பிடிக்கிற நீடில் ஹோல்டரால் தைத்துக் காட்டினேன். உங்கள் மிஷின் நேராக இழுக்கிறது, வயிறு அப்படி இழுக்காது, இருமினால் குறுக்கே இழுக்கும், திரும்பிப் படுத்தால் கோணலாக இழுக்கும், பாரமெல்லாம் ஊசி போன ஓட்டையில்தான் விழும் என்று சொன்னேன். ஷீட் நன்றாகத் தாங்கியது. உனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான்தான், "புதுசுல எல்லாம் நிக்கும். ஒன்றர மாசம் உடம்புச் சூட்டுல ஊறினப்புறம் நிக்குதா பாரு" என்றேன். பார்த்தாய். மூன்று நிற்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை, எனக்கே புரியாது என்று சொல்லி மறைக்கப் பார்க்கிறாய். எனக்குக் கோபம் வருமா வராதா, நீயே சொல்லு.

வெட்டினவன் கத்தியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்கிறாரே உன் பெரிய சார், அது உண்மையாகவே இருக்கட்டும். அதையும் எழுது. நாளைக்குத் தியேட்டரில் ஷீட்டை அளவுக்கு வெட்டப்போகிறவர் யார்? பன்னிரண்டு மணிக்கு மூணாவது கேஸ் பண்ணுகிற, கால் கடுக்கிற, பசிக்கிற ஒரு டாக்டர்தானே? அவர் கையில் இருப்பது உங்கள் லேபுக் கத்தியா? மழுங்கின கத்தரிக்கோலாலும் வெட்டுவார். நான் பார்த்திருக்கிறேன். கோணலாக வெட்டினால் கிழிகிற ஷீட் என்றால், அது கோணலாக வெட்டினால் கிழியும் என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும். இது புரிய லேபில் ஐந்து வருஷம் இருக்க வேண்டுமா என்ன?

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது. விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அஞ்சலை என்று வைத்துக்கொள். சொந்த நிலத்தில் மல்லாட்டை, நீ சென்னைக்குப் போய் வேர்க்கடலை என்கிறாயே, அதைப் போடுகிற குடும்பம். அறுவடைக்கு முன்னால் எழுந்து நடமாடிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு வந்து படுத்த மனுஷி. அந்த மாசம் ஏ.சி. தண்ணீர் ஒழுகி ஸ்டோர் அலமாரியின் அடித்தட்டு நனைந்திருந்தது. கரைகிற நூலுக்கு ஈரம் ஆகாது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே போய்ச் செய்ய வேண்டிய வேலையை அது பாக்கெட்டிலேயே ஆரம்பித்துவிடும். வயிற்றை மூடும்போது நான் பிரித்த பாக்கெட்டின் ஓரம் லேசாக உப்பியிருந்தது. நூலை எடுத்தால் விரலுக்கு அது நமுத்த அப்பளம் மாதிரி பட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். "சிஸ்டர், ஜல்தி! தூங்கிக்கினு இருக்கீங்களா?" என்று டாக்டர் கத்தினார். வாயை மூடிக்கொண்டேன். நூலை ஊசியில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து, பொருட்கள் நல்ல நிலையில் இருந்தன என்று ரெஜிஸ்டரில் அச்சடித்திருக்கிற வரிக்கு நேராக, தினமும் போடுகிற மாதிரி என் கையெழுத்தைப் போட்டேன்.

ஆறாவது நாள் அந்த அம்மா இருமினாள். தையல் விட்டுவிட்டது. மறுபடியும் தியேட்டர், மறுபடியும் மயக்கம், இருபத்துச் சொச்சம் நாள் படுக்கை. உயிர் பிழைத்தாள். ஏன் இப்படி ஆனது என்று அவள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "ரொம்ப இருமிட்டாங்க" என்று டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில் டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிஜமாகவே இருமலால்கூட இருக்கலாம். அதுதான் கொடுமை, தம்பி. எதனால் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியை அந்த ஒரு கையெழுத்தால் நானே அடைத்துவிட்டேன். அலமாரியில் மிச்சமிருந்த அந்தப் பெட்டியை மட்டும் யாருக்கும் சொல்லாமல் குப்பையில் போட்டேன். அதோடு என் தைரியம் தீர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கிறேன், "சிஸ்டரம்மா" என்று ஒரு குரல். அஞ்சலைதான். புடவைக்கு மேலேயே வயிற்றைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். உள்ளே சதை விட்டுப்போய் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தது. "கொடம் தூக்க முடியில, குனிஞ்சி ஒரு செடி புடுங்க முடியில. நான்தான் இருமித் தொலைச்சேன், யாரக் கொற சொல்றது? நீங்கல்லாம் நல்லாத்தான் பாத்துக்கினீங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தன் இருமலுக்காகத் தன்னையே இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது. வேகவைத்த மல்லாட்டை ஒரு பை நிறைய என் மடியில் போட்டாள், "புள்ளைக்குக் குடுங்க" என்று. அதை நீதான் தின்றாய். மறுநாள் உனக்குக் கணக்குப் பரீட்சை. நோட்டுமேல் தோலைப் பரப்பிவைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா, எங்க வாங்கின?" என்று கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நீ சொன்ன அந்த இன்னொரு வார்த்தைக்கு வருகிறேன். "எல்லாம் உனக்காகத்தாம்மா ஓடிக்கினு இருக்கேன். மொதல் பத்துப் பேர்ல உன்ன சேர்க்கச் சொல்லி சார்கிட்ட பேசிட்டேன்" என்றாய். அன்றைக்கு நான் தூங்கவில்லை. என் வயிற்றில் இருப்பது உன்னைப் பெற்றெடுத்த சிசேரியன் கீறல். அந்த இடத்தில் சதை விட்டு, ஆக்ஸிஜன் சிலிண்டர் தள்ளித் தள்ளிப் பெரிதாகி, ஹெர்னியா ஆகிவிட்டது. பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டில் நடக்கிற என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ இந்தப் பாலிமர் வேலைக்கே போனாய் என்று எனக்குத் தெரியாதா? ஆபரேஷன் பண்ணிக்கொள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. "அவங்க வெக்கற பிளாஸ்டிக் வலை சாவற வரைக்கும் உள்ளயே கெடக்கும்மா. கொஞ்சம் பொறு, நான் கரையறதா செஞ்சித் தரேன்" என்றாய். நானும் பொறுத்தேன். பொறுத்ததோடு விட்டேனா? என் மகன் செய்கிற ஷீட் வருகிற வரைக்கும் நான் படுக்க மாட்டேன் என்று பஸ்ஸில், ரேஷன் கடையில், பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். நர்ஸாக இருந்தவள் செய்கிற காரியமா அது? இன்னொரு அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் நானே திட்டி அட்மிட் பண்ணியிருப்பேன். என் பெருமைதான் உன்னை விரட்டியிருக்கிறது. அது என் தப்பு, உன் பெரிய சாரின் தப்புகூட அப்புறம்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் வயிற்றைச் சாக்கு வைத்து நீ பொய்க் கையெழுத்துப் போடாதே. முதல் பத்துப் பேர் என்கிறாய். மிச்சம் ஒன்பது பேர் யார்? அவர்கள் யாருக்கும் லேபில் மகன் இல்லை. அதில் ஒருத்தி அஞ்சலையாக இருப்பாள். ஆறாவது வாரம் ஓட்டை கிழிந்து, சதை மறுபடியும் விட்டுப்போனால், அவளும் தான் இருமியதால்தான் என்று நினைத்துக்கொள்வாள். யாரும் அவளிடம் மூன்று ஷீட் கதையைச் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

பெரிய சார் கோபித்துக்கொள்வார். அறிக்கை ஒரு வருஷம் தள்ளிப் போகும். உன்னை வேறு வேலைக்கு மாற்றினாலும் மாற்றுவார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, தைரியம் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அந்த மூன்று ஷீட்டும் எங்கே கிழிந்தது என்று உட்கார்ந்து பார். ஓட்டை ஓரத்தில் என்றால், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரி சுற்றி இன்னொரு பட்டை வைத்து ஓரத்தைக் கனமாக்க முடியாதா? எனக்குத் தெரியாது, கேட்கிறேன். முடியும் என்றால் அதையும் நீயே யோசித்ததாகச் சொல்லிக்கொள், பரவாயில்லை.

கடைசியாக ஒரு விஷயம். போன மாசம் ஒரு மத்தியானம் குடல் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு வலியில் உயிர் போய் வந்தது. படுத்து, கையால் மெல்ல அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. மறுபடி மாட்டினால் போகாது என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் வேகமாக ஓடுவாய். நேற்றைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். சாதாரண வலைதான் வைக்கப்போகிறார்கள். சாகிற வரைக்கும் உள்ளேயே கிடக்கும், கிடக்கட்டும். அதை ஆயிரம் பேருக்கு வைத்து என் கண்ணால் பார்த்திருக்கிறேன், கெட்டால் என்ன கெடும் என்று தெரியும். இனிமேல் எனக்காக என்று சொல்லிக்கொண்டு நீ ஓட வேண்டியதில்லை. உன் ஷீட் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

டாக்டரம்மா புதன்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். நான்தான் திங்கட்கிழமை வேண்டும் என்று அடம்பிடித்தேன். "இன்னாம்மா நல்ல நாள் பாக்கறியா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். சனிக்கிழமை உன் அறிக்கையில் பன்னிரண்டையும் எழுதி, அதில் கையெழுத்துப் போட்டு, உன் பெரிய சார் மேஜைமேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறு. அவர் அனுப்புகிறாரா, கிழிக்கிறாரா, அது அவர் பாடு. ஞாயிறு சாயங்காலம் என்னை அட்மிட் பண்ணுவார்கள். சம்மதப் படிவத்தில் சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பா ஒரு வரிகூடப் படிக்காமல் நீட்டின இடத்தில் போட்டுவிடுவார். அதனால் நீதான் போட வேண்டும். அந்தப் படிவம் இரண்டு பக்கம். ரத்தம் போகலாம், சீழ் பிடிக்கலாம், வலை நகரலாம், குடலில் ஓட்டை விழலாம், மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம் என்று எல்லாமே அதில் அச்சடித்திருக்கும். ஒரு வரி விடாமல் படி. அதில் மூன்று வரியை மட்டும் யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டு உன்னிடம் நீட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், உன் அம்மாவை உள்ளே அனுப்ப அதில் கையெழுத்துப் போடுவாயா?

வரும்போது பேனா கொண்டு வா. அங்கே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற பேனா ஒரு நாளும் எழுதாது.